வெளிப்பூச்சு, பெயிண்ட், எலிவேஷன்: கேட்டீங்க, சொல்றேன்

சொந்த வீடு கட்டுறவங்க கிட்ட இருந்து இந்த முறை வந்த கேள்வில பாதிக்கு மேல வெளிச்சுவர் பத்திதான். தளம் போட்டு முடிச்சதும் பாதிப்பேருக்கு வேலை முடிஞ்ச மாதிரி ஒரு நிம்மதி வந்துடுது, அப்புறம் பாத்தா கை காசு கரையுறதும் வீட்ல சண்டை வர்றதும் இந்த கட்டத்துலதான். ஒரே மாதிரி வந்த கேள்விகளை ஒண்ணா சேத்துட்டேன், கோச்சுக்காதீங்க.

கேள்வி: சார், எங்க வீட்டுக்கு வெளிப்பூச்சு முடிஞ்சு ஒரு வாரம் கூட ஆகல. பெயிண்டர் வந்து "சுவரு நல்லா காஞ்சிருச்சு, இப்பவே பிரைமர் அடிச்சா சாரம் இருக்கும்போதே வேலை முடிஞ்சிடும், அப்புறம் மறுபடி சாரம் கட்டணும்"னு சொல்றாரு. அப்பா ஒரு மாசமாவது விடணும்ங்கிறாரு. ரெண்டு பேரும் பேச்சுவார்த்தையே இல்ல இப்போ. யார் சொல்றத கேக்கறது?

பதில்: அப்பா சொல்றதுதான் சரி, பெயிண்டர் கிட்ட நான் சொன்னேன்னு சொல்லிக்கோங்க.

முதல்ல ஒண்ணு, ஒரு வாரம் கூட ஆகலன்னா நீங்க இன்னும் தண்ணி அடிச்சுக்கிட்டே இருக்கணும், சுவரு காஞ்சிருச்சுன்னு அவர் சொல்றதே எனக்கு கவலையா இருக்கு. வெளிப்பூச்சுக்கு குறைஞ்சது 7 நாள் கியூரிங் வேணும், நீங்க வாங்கினது பிபிசி (PPC, போஸோலானா கலந்த) வகை சிமெண்டா இருந்தா அது மெதுவாதான் இறுகும், அதனால 10 நாள், முடிஞ்சா 14 நாள் வரைக்கும் அடிங்க. காலைல ஒரு தடவ ஹோஸ் பிடிச்சு நனைச்சுட்டு போறது கியூரிங் ஆகாது, மதியத்துக்குள்ள வெளிச்சுவரு வெள்ளையா காஞ்சு போயிரும், சுவரு ஈரம் போகாம இருக்கணும்ங்கிறதுதான் கணக்கு, எத்தன தடவ அடிக்கணும்ங்கிறத வெயில்தான் முடிவு பண்ணும்.

அது முடிஞ்சப்புறம் காயணும். சிமெண்ட் தண்ணியோட சேந்து இறுகும்போது சுண்ணாம்புச்சத்து நிறைய வெளிய வரும், புதுப்பூச்சுல காரத்தன்மை பிஎச் 12, 13 வரைக்கும் இருக்கும், இது பெயிண்டோட பசைய அரிக்கும், கலர வெளுக்க வைக்கும். அது மட்டும் இல்ல, உள்ள இருக்கற ஈரம் எப்படியும் வெளிய வந்தே தீரும், வரும்போது கூடவே உப்பயும் கரைச்சு கூட்டிட்டு வரும், மேல வந்ததும் தண்ணி ஆவியாயிடும், உப்பு வெள்ளப்பொடியா சுவர்ல தங்கிடும். அதத்தான் சுவரு உப்பு பூத்திருக்குன்னு சொல்றோம். இது பெயிண்ட் அடிக்கறதுக்கு முன்னாடி பூத்தா பிரச்சனையே இல்ல, காஞ்ச பிரஷ் வச்சு தேச்சு எடுத்துடலாம் (தண்ணி ஊத்தி கழுவாதீங்க, பாதி உப்பு திரும்ப உள்ள போயிடும்). பெயிண்டுக்கு அப்புறம் பூத்தா பெயிண்டயே தூக்கிக்கிட்டு வரும்.

பூச்சு முடிஞ்ச நாள்ல இருந்து 28 நாள் விடுங்க. நடுவுல மழை பெஞ்சிருந்தா அந்த நாள் கணக்க நம்பாம சுவரயே கேளுங்க: ஒண்ணரை அடிக்கு ஒண்ணரை அடி பிளாஸ்டிக் ஷீட் ஒண்ண நாலு பக்கமும் காத்து போகாம டேப் போட்டு சுவர்ல ஒட்டி ஒரு நாள் விட்டுட்டு பிரிச்சு பாருங்க. ஷீட்டோட உள்பக்கம் நீர் முத்து கோர்த்திருந்தாலோ, ஒட்டின இடம் மட்டும் சுத்தி இருக்கறத விட கருப்பா தெரிஞ்சாலோ இன்னும் காயல. வடக்கு பக்கமோ, வெயிலே படாத சந்து பக்கமோ இருக்குமே, அங்க ஒட்டி பாருங்க, வெயில் அடிக்கிற சுவர்ல ஒட்டி பாத்துட்டு எல்லாம் காஞ்சிருச்சுன்னு முடிவு பண்ணிடாதீங்க.

சாரம் விஷயத்துல பெயிண்டர் சொல்றதுல நியாயம் இருக்கு, மறுபடி கட்டினா செலவுதான். ஒரு மாசம் சும்மா நிக்கிற சாரத்துக்கு வாடகை எவ்ளோ, பிரிச்சு கட்ட கூலி எவ்ளோன்னு ரெண்டயும் கேட்டு எது கம்மியோ அத செய்ங்க. அவசரமா அடிச்சு அடுத்த வருஷம் முழுசா சுரண்டறதுக்கு ரெண்டுமே கம்மிதான்.

கேள்வி: வெளிச்சுவர்ல பில்லரும் செங்கலும் சேர்ற இடத்துல நேர்கோடா விரிசல் வந்திருக்கு, சுவர் நடுவுல வலை மாதிரி மெல்லிசா கோடு கோடா இருக்கு. வீடே இறங்குதோன்னு அம்மாவுக்கு தூக்கம் இல்ல.

பதில்: அம்மாவ தூங்க சொல்லுங்க, நீங்க சொல்ற ரெண்டுமே வீடு இறங்குற விரிசல் மாதிரி தெரியல.

வலை மாதிரி இருக்கறது பூச்சு சுருங்கினதால வர்றது. கலவைல சிமெண்ட் அதிகமாயிருக்கும், இல்ல மணல்ல தூசி அதிகம், இல்ல பூசின அன்னிக்கு நல்ல வெயில், தண்ணி பத்தல, இல்ல கொத்தனார் மேல சிமெண்ட் பால் விட்டு கரண்டியால வழவழன்னு தேச்சிருப்பாரு (பாக்க கண்ணாடி மாதிரி இருக்கும், ரெண்டே வாரத்துல இப்படி கோடு விடும்). விரலால தட்டிப் பாருங்க, கெட்டியா சத்தம் வந்தா மேலோட்டமான கோடுதான், பிரைமருக்கு முன்னாடி கிராக் ஃபில்லர் வச்சு மூடிக்கலாம். பொள்ளலா சத்தம் வந்தா அந்த இடத்துல பூச்சு சுவர விட்டு கழண்டு நிக்குதுன்னு அர்த்தம், அத வெட்டி எடுத்துட்டு திரும்ப பூசணும், வேற வழி கிடையாது.

பில்லர் ஓரம் வந்த நேர்கோடு வேற. கான்கிரீட் ஒரு விதமா விரியும் சுருங்கும், செங்கல் ஒரு விதமா, ரெண்டும் சேர்ற இடத்துல பூச்சு கிழியத்தான் செய்யும். இதுக்குத்தான் பூசறதுக்கு முன்னாடியே அந்த ஜாயிண்ட் மேல கோழிவலை அடிக்கணும், ரெண்டு பக்கமும் 15 செண்டிமீட்டர் ஏறுற மாதிரி. இப்போ பூசியாச்சுன்னா, விரிசல வி மாதிரி கொஞ்சம் வெட்டி அகலப்படுத்தி தூசி தட்டி இழுத்தா இழுபடுற சீலண்ட் வச்சு அடைச்சு மேல ஃபைபர் மெஷ் ஒட்டுங்க. சிமெண்ட் வச்சு அடைக்காதீங்க, அடுத்த வெயிலுக்கு அதே இடத்துல அதே கோடு வரும்.

பயப்பட வேண்டிய விரிசல் எப்படி இருக்கும்னா, ஜன்னல் மூலைல இருந்து சாய்வா ஏறும், இல்ல செங்கல் ஜாயிண்ட்ட பிடிச்சு படி படியா போகும், ஒரு முனை அகலமா ஒரு முனை ஒல்லியா இருக்கும், சுவருக்கு உள்பக்கமும் அதே இடத்துல தெரியும். அப்படி ஏதாவது கண்ணுல பட்டா விரிசலோட ரெண்டு முனையிலயும் பென்சில்ல கோடு போட்டு தேதி எழுதி வைங்க, கோட்ட தாண்டி வளருதுன்னா பெயிண்ட் பேச்ச நிறுத்திட்டு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர கூப்பிடுங்க.

கேள்வி: வெளிய புட்டி அடிக்கலாமா கூடாதா? ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாங்க.

பதில்: அக்ரிலிக் புட்டி வெளிய கூடவே கூடாது, அது உள்சுவருக்கு செஞ்சது, மழை பட்டா ஊறி உரிஞ்சிடும். வெள்ளை சிமெண்ட் புட்டி அடிக்கலாம், ஆனா மெல்லிசா, அதுக்கும் தண்ணி காட்டணும். என்னய கேட்டா வெளிப்பூச்ச மட்டப்பலகை வச்சு ஒழுங்கா பூசி ஸ்பாஞ்ச் பினிஷ் குடுத்துட்டா புட்டியே வேணாம், நடுவுல ஒரு அடுக்கு கம்மின்னா உரியறதுக்கும் ஒரு அடுக்கு கம்மி.

கேள்வி: கலர் பிரச்சனை சார். வீட்டுக்காரம்மா டார்க் கிரே, பையன் நல்ல ரத்தச்சிவப்புல ஒரு சுவராவது வேணும்ங்கிறான், எங்கம்மா வெள்ளைய தவிர எதயும் ஒத்துக்க மாட்டாங்க. எனக்கு எதுனாலும் சரி, வேலை முடிஞ்சா போதும்.

பதில்: எதுனாலும் சரின்னு சொல்றவர்தான் கடைசில எல்லார்கிட்டயும் திட்டு வாங்குவாரு, பாத்து இருங்க.

மூணு பேருக்கும் ஒவ்வொண்ணு சொல்றேன். டார்க் கிரே வெயில நல்லா இழுக்கும், சுவரு சூடாகும், சூடாகி ஆறி சூடாகி ஆறி பெயிண்ட் படலமும் சீக்கிரம் வயசாகும், அதுவும் மதிய வெயில் நேரா விழுற பக்கம் பெட்ரூம் இருந்தா ராத்திரி வரைக்கும் சுவரு சூட்ட உள்ள விட்டுக்கிட்டே இருக்கும். நிழல் விழுற முகப்புல, போர்டிகோவுக்கு உள்பக்கம், அங்கெல்லாம் அடிச்சா அழகாவும் இருக்கும் தொந்தரவும் இல்ல.

பையனோட சிவப்பு: பளிச்னு இருக்கற சிவப்பு, மஞ்சள், வயலட் எல்லாம் பெரும்பாலும் ஆர்கானிக் பிக்மெண்ட் (கார்பன் சேர்மத்துல செய்ற நிறப்பொடி), வெயில்ல வேகமா வெளுக்கும். செங்கல் சிவப்பு, காவி, மண் மஞ்சள் இதெல்லாம் இரும்பு ஆக்சைடுல வர்ற நிறம், துருவ இன்னும் எங்க துருப்பிடிக்க வைக்கறது, அதனால அது வருஷக்கணக்கா நிக்கும். பையன்கிட்ட ரத்தச்சிவப்ப கொஞ்சம் செங்கல் பக்கமா இறங்கி வர சொல்லுங்க.

அம்மாவோட வெள்ளை வெயிலுக்கு ரொம்ப நல்லது, ஆனா அழுக்கு தெரியும், அதுவும் தரையில இருந்து ரெண்டடி வரைக்கும் மழை தெறிச்சு மண்ணா இருக்கும். கீழ பேஸ்மெண்ட் பட்டிக்கு மட்டும் மண் கலரா ஏதாவது அடிச்சுட்டு மேல வெள்ளையோ அத ஒட்டின ஷேடோ போங்க.

எதயும் கேட்லாக் பாத்து முடிவு பண்ணாதீங்க, அந்த சின்ன சதுரத்துல பாக்கற கலரு முழு சுவர்ல இன்னும் தூக்கலாத்தான் தெரியும். சாம்பிள் வாங்கி மூணடிக்கு மூணடி சுவர்லயே அடிச்சு காலைல, மதியம், சாயங்காலம்னு எல்லாரும் வந்து பாருங்க. அப்புறம் பளபளப்பு வேணும்னு கேக்காதீங்க, பூச்சுல இருக்கற மேடு பள்ளம் அத்தனையும் சாயங்கால வெயில்ல எடுத்து காட்டிடும்.

கேள்வி: எங்க தெருவுல ரெண்டு வருஷம் முன்னாடி கட்டின வீடு, மொட்டைமாடி கைப்பிடிச்சுவர்ல இருந்து கருப்பு கருப்பா நீளமா ஒழுகின மாதிரி இருக்கு, ஜன்னல் மூலைல மீசை வரைஞ்ச மாதிரி ரெண்டு கோடு. நல்ல விலைகூடுன பெயிண்ட்தான் அடிச்சாங்களாம். எங்க வீட்டுக்கு இப்பதான் வெளிப்பூச்சு ஆரம்பிக்க போறாங்க, நாங்க என்ன பெயிண்ட் வாங்கினா இப்படி ஆகாது?

பதில்: இந்த மாசத்துல வந்த கேள்வியிலயே எனக்கு ரொம்ப பிடிச்சது இதுதான், ஏன்னா நீங்க பூச்சுக்கு முன்னாடி கேட்டிருக்கீங்க. பெயிண்ட் எதுவா இருந்தாலும் அப்படி ஆகும். அது தண்ணி ஓடுற பாதை. மாடியில சேர்ற தூசிய மழைத்தண்ணி கரைச்சு ஒவ்வொரு மழைக்கும் ஒரே வழியா சுவர்ல இறக்குது, அந்த வழி ஈரமாவே இருக்கறதால பாசி பிடிக்குது, பாசி காஞ்சு கருப்பாகுது. தண்ணிய சுவர்மேல ஓட விடாம வெளிய தள்ளி சொட்ட வச்சா முடிஞ்சது, அதுக்கு பூச்சு வேலை நடக்கும்போது கொத்தனார் பக்கத்துல நின்னு நாலஞ்சு இடம் பாத்தா போதும்.

கைப்பிடிச்சுவரோட தலை. இத நிறைய பேர் மட்டமா பூசுவாங்க, சிலர் தெரு பக்கம் சாயுற மாதிரி பூசுவாங்க, அதான் வினை. வாட்டம் மாடி பக்கம் உள்நோக்கி இருக்கணும், அப்போ தலையில விழுற தண்ணி மாடிக்கு வந்து மழைநீர் குழாய்ல போயிடும், சுவரோட வெளிப்பக்கம் காஞ்சிருக்கும். ரசமட்டம் வச்சு குமிழி நகருதான்னு பாருங்க, இல்லன்னா ஒரு டம்ளர் தண்ணி ஊத்துங்க, எந்த பக்கம் போகுதுன்னு அதுவே சொல்லிடும்.

சன்ஷேடு. மேல வெளிப்பக்கமா வாட்டம், அது எல்லா கொத்தனாருக்கும் தெரியும். விட்டுப்போறது அடிப்பக்கம். மேல இருந்து வர்ற தண்ணி விளிம்புல சொட்டாம, அப்படியே திரும்பி சன்ஷேடோட அடிவயித்துல ஒட்டிக்கிட்டே ஊர்ந்து வந்து சுவர்ல ஏறி ஜன்னல் மேல இறங்கும். இத நிறுத்த அடிப்பக்கம் விளிம்புல இருந்து 3, 4 செண்டிமீட்டர் உள்ள தள்ளி நீளத்துக்கும் ஒரு காடி (பள்ளமா ஒரு கோடு) விடணும், அகலம் ஒரு செண்டிமீட்டர், ஆழமும் கிட்டத்தட்ட அவ்ளோ. பூச்சு ஈரமா இருக்கும்போது ஒரு ரீப்பர் கட்டையோ பிளாஸ்டிக் பட்டியோ வச்சு அழுத்தி எடுத்தா வந்துடும், அஞ்சு நிமிஷ வேலை. ஊர்ந்து வர்ற தண்ணி காடி கிட்ட வந்ததும் மேல ஏற முடியாம அங்கயே சொட்டிடும். ரெண்டு முனையிலயும் சுவரு வரைக்கும் காடிய கொண்டுபோயிடாதீங்க, ரெண்டு மூணு செண்டிமீட்டர் முன்னாடியே நிறுத்திடணும், இல்லன்னா காடியே வாய்க்கா மாதிரி தண்ணிய சுவருக்கு கொண்டுபோய் விட்டுடும். பூசி காஞ்சப்புறம் மிஷின் வச்சு அறுக்கலாம்தான், ஆனா அடிப்பக்கம் கம்பிய மூடியிருக்கற கான்கிரீட் கம்மியா இருந்தா கம்பில பட்டுடும், அதனால பூச்சோட பூச்சா முடிச்சிடுங்க.

நீங்க மீசைன்னு சொன்னீங்களே, அது ஜன்னல் அடிப்படி விவகாரம். அடியில வைக்கற கிரானைட்டோ மார்பிளோ சுவரோட மட்டமா நின்னா, தூசித்தண்ணி ரெண்டு மூலையிலயும் வழிஞ்சு மீசை வரைஞ்சிடும். கல்லு வெளிய ஒரு ரெண்டு இன்ச் நீட்டி, வெளிப்பக்கம் வாட்டமா, அடியில அதுக்கும் ஒரு காடியோட இருக்கணும், ரெண்டு பக்கமும் ஜன்னலோட அகலத்த விட கொஞ்சம் நீளமா இருந்து சுவருக்குள்ள ஏறியிருக்கணும். கல்லு வெட்ட அளவு குடுக்கும்போதே இத சொல்லணும், வந்தப்புறம் சொன்னா அவங்க உங்கள ஒரு பார்வை பாப்பாங்க.

ஏசி தண்ணி குழாய், வாஷிங் மெஷின் குழாய் எல்லாத்துக்கும் எங்க போகணும்னு இப்பவே பைப் விட்டுடுங்க, பின்னாடி ஓட்டை போட்டு தொங்க விட்ட ஏசி டியூபுக்கு கீழ பச்சையா ஒரு கோடு வராத வீட்ட நான் பாத்ததில்ல. கீழ தரைய பொறுத்தவரைக்கும், வீட்ட சுத்தி ரெண்டரை மூணடி அகலத்துக்கு கான்கிரீட் தளம் வெளிப்பக்கம் வாட்டமா போடுங்க, தோட்டம் போடுற ஆசையில மண்ண சுவரோட சேத்து குவிச்சு ஓதத்தடுப்பு பட்டிய (தரை ஈரம் சுவர்ல ஏறாம தடுக்கற அடுக்கு) மூடிடாதீங்க, மண் மட்டம் அந்த பட்டிக்கு 15 செண்டிமீட்டராவது கீழ இருக்கணும்.

இதெல்லாம் செஞ்சுட்டு பெயிண்ட் சுமாரானது அடிச்சாலும் அந்த தெரு வீட்ட விட உங்க வீடு நல்லா நிக்கும்.

கேள்வி: முன்பக்க எலிவேஷனுக்கு ரெண்டு மாடி உயரத்துக்கு இயற்கைக்கல் ஒட்டலாம்னு ஆசை. சிமெண்ட் பால் விட்டு ஒட்டிடலாம்னு மேஸ்திரி சொல்றாரு.

பதில்: மேஸ்திரிக்கு தைரியம் ஜாஸ்தி. 20 மில்லிமீட்டர் கிரானைட்னா ஒரு சதுர அடி கிட்டத்தட்ட 5 கிலோ, ரெண்டடிக்கு ரெண்டடி கல்லு 20 கிலோ, அது உங்க வாசலுக்கு மேல ரெண்டாவது மாடியில தொங்குதுன்னு நினைச்சு பாருங்க. கீழ்த்தளத்துல மெல்லிசான சின்ன கல்லு, கிளாடிங் டைல்ஸ் இதெல்லாம் பாலிமர் கலந்த டைல் அட்ஹெசிவ் வச்சு ஒட்டலாம், சுவருக்கும் கல்லோட முதுகுக்கும் ரெண்டுக்கும் பூசி நடுவுல காத்து இல்லாம ஒட்டணும், நாலு மூலையிலயும் ஒவ்வொரு உருண்டை வச்சு அழுத்தற வேலையெல்லாம் வேணாம், அந்த வெத்திடத்துல தண்ணி புகுந்து தங்கும். மேல ஏற ஏற, பெரிய கல்லா இருந்தா, துருப்பிடிக்காத ஸ்டீல் கிளாம்ப் வச்சு சுவரோட முடுக்கணும், அட்ஹெசிவ மட்டும் நம்பக்கூடாது. புட்டி மேலயோ பெயிண்ட் மேலயோ ஒட்டவே கூடாது. கல்லு முடியுற மேல் விளிம்ப மூடாம விடறதும் பெரிய தப்பு, தண்ணி அங்கதான் பின்னாடி இறங்கும். என்னய கேட்டா கீழ நாலடி உயரத்துக்கு கல்லு, மேல பெயிண்ட், ஆசையும் தீரும் தலையும் தப்பும்.

கேள்வி: தாத்தா கட்டின சுண்ணாம்பு காரை வீடு, பக்கத்துலயே புதுசா ரெண்டு ரூம் சேத்து கட்டுறோம். பழைய சுவரயும் சிமெண்ட் பூசி ஒரே மாதிரி எக்ஸ்டீரியர் எமல்ஷன் (வெளிச்சுவர் பெயிண்ட்) அடிச்சிடலாமா?

பதில்: வேணாம்ங்க. போர்ட்லாண்ட் சிமெண்டுக்கு ஜோசப் ஆஸ்ப்டின் காப்புரிமை வாங்கினதே 1824லதான், அதுக்கு முன்னாடி ஆயிரக்கணக்கான வருஷம் சுவரு நின்னது சுண்ணாம்புலயும் மண்ணுலயும், அந்த சுவருக்கு மூச்சு விட்டே பழக்கம். கீழ இருந்து ஏறுற ஓதம் பூச்சு வழியாவே ஆவியா போயிடும். மேல கெட்டியா சிமெண்ட் பூசினா ஈரம் உள்ள மாட்டிக்கும், கொஞ்ச வருஷத்துல சிமெண்ட் பூச்சு பழைய காரையையும் பிச்சுக்கிட்டு பாளம் பாளமா விழும். பழைய பக்கத்துக்கு சுண்ணாம்பு கலவையிலயே ஒட்டு போட்டு சுண்ணாம்போ, மூச்சு விடுற சிலிகேட் பெயிண்டோ அடிங்க. புதுசும் பழசும் சேர்ற இடத்துல நேரா ஒரு இடைவெளி ஜாயிண்ட் விட்டுடுங்க, மறைக்க பாத்தா விரிசலா வந்து நிக்கும். கலர மட்டும் ஒண்ணா எடுத்தா தெருவுல இருந்து பாக்க ஒரே வீடாத்தான் தெரியும்.

கேள்வி: ஏஏசி பிளாக்ல (உள்ள காத்துக்குமிழி இருக்கற லேசான கான்கிரீட் கல்லு) கட்டியிருக்கோம், கொத்தனார் செங்கல் மாதிரியே நல்லா ஊற ஊற தண்ணி அடிச்சுட்டு பூசணும்ங்கிறாரு.

பதில்: ஊற வைக்காதீங்க, லேசா தெளிச்சு ஈரப்படுத்தினா போதும், குடிச்ச தண்ணி அத்தனையும் காயும்போது பிளாக் சுருங்கி பூச்ச கிழிக்கும். கலவையும் 1:4 (சிமெண்ட் ஒரு பங்கு, மணல் நாலு பங்கு) மாதிரி வலுவா வேணாம், 1:6 இல்லன்னா ஏஏசிக்குன்னே வர்ற ரெடிமிக்ஸ் பூச்சு.

கேள்வி: செலவ குறைக்க பெயிண்ட் வேலைய நாங்களே, நானும் தம்பியும், செய்யலாம்னு இருக்கோம். எத்தன லிட்டர் வாங்கணும், எப்படி கணக்கு போடுறது?

பதில்: கீழ்த்தளம் நீங்களே அடிங்க, மாடிக்கு மேல ஆள் வைங்க, இதுல நான் பேரம் பேச மாட்டேன். வெளிச்சுவர் வேலைல ஆபத்து சாரம்தான், அதுவும் மின்கம்பி பக்கத்துல போற வீடா இருந்தா கண்டிப்பா வேணாம்.

கணக்கு சுலபம். வீட்ட சுத்தி அளந்து உயரத்தால பெருக்குங்க. சுத்தளவு 140 அடி, உயரம் 22 அடின்னா 3080 சதுர அடி. கதவு ஜன்னல கழிக்காதீங்க, சன்ஷேடு, ஜன்னல் ஓரம், கைப்பிடிச்சுவர் உள்பக்கம்னு கணக்குல வராத இடம் நிறைய இருக்கு, அதுக்கு இது சரியா போயிடும். எக்ஸ்டீரியர் எமல்ஷன் ரெண்டு கோட்டுக்கு லிட்டருக்கு சுமாரா 50ல இருந்து 60 சதுர அடி வரும், அப்போ சுமாரா 52 – 62 லிட்டர். சொரசொரப்பான பூச்சுன்னா இன்னும் குடிக்கும். டின்னுல அவங்க போட்டிருக்க அளவயும் பாத்துக்கோங்க.

மொத்தமும் ஒரே பேட்ச்ல வாங்குங்க, முடியலன்னா ஒரு சுவரு நடுவுல டின் மாத்தாம மூலையில மாத்துங்க. காரம் தாங்குற பிரைமர் ஒரு கோட், மேல எமல்ஷன் ரெண்டு கோட், நடுவுல நாலு மணிநேரமாவது விடுங்க. வெயில் விழுற சுவர துரத்தாதீங்க, நிழல துரத்துங்க: காலைல மேற்கு பக்கம், சாயங்காலம் கிழக்கு பக்கம். தண்ணி டின்ல சொன்ன அளவுக்கு மேல ஒரு சொட்டு வேணாம், பெயிண்ட் நீண்டு வரும், படலம்தான் இருக்காது.

கேள்வி: எல்லாம் முடிஞ்சது. நாளைக்கு சாரம் பிரிக்கறாங்க, எதாவது பாக்கணுமா?

பதில்: நாளைக்கு வேணாம், நாளன்னிக்கு பிரிக்க சொல்லுங்க, ஒரு நாள் குடுங்க.

சாரக்கட்டை சுவருக்குள்ள போன ஓட்டைகள் அத்தனையும் அடைச்சிருக்கான்னு எண்ணி பாருங்க, பாதி இடத்துல வாய மட்டும் பூசிட்டு உள்ள காலியா விட்டிருப்பாங்க, தட்டினா தெரியும், அது நேரா தண்ணி உள்ள வர்ற குழாய். பெயிண்டுக்கு அப்புறம் அடைச்சிருந்தா அந்த இடம் மட்டும் வட்டமா ஷேடு மாறி தெரியும், மூலையில இருந்து மூலை வரைக்கும் அந்த பட்டைய மறுபடி ஒரு கோட் அடிக்க சொல்லுங்க. கீழ இருந்து கண்ணுக்கே தெரியாத சன்ஷேடு தலை, அங்க சிந்தின சாந்து, ஆணி, டீ கப்பு எல்லாம் கிடக்கும், கூட்டி எடுத்தாதான் தண்ணி தேங்காது.

அப்புறம் ஜன்னல் சோதனை. ஒருத்தர் வெளிய ஹோஸ் பிடிக்கணும், ஒருத்தர் உள்ள நின்னு பாக்கணும். தண்ணிய ஜன்னலோட அடியில இருந்து ஆரம்பிங்க, அஞ்சு நிமிஷம், அப்புறம் பக்கவாட்டு, கடைசியா மேல. மேல இருந்து ஆரம்பிச்சா ஒழுகும்போது எங்க இருந்து வருதுன்னே கண்டுபிடிக்க முடியாது. ஒழுகுற ஜன்னலுக்கு சீலண்ட் வைக்கற வேலைய சாரம் நிக்கும்போதே முடிச்சிடுங்க.

மிச்ச பெயிண்ட ஒரு லிட்டராவது சின்ன டப்பாவுல வாய் வரைக்கும் நிரப்பி இறுக்கி மூடி, ஷேடு நம்பரும் பேட்ச் நம்பரும் எழுதி ஒட்டி வைங்க. அந்த நம்பர போன்லயும் ஒரு போட்டோ எடுத்துக்கோங்க, டப்பா எப்படியும் தொலைஞ்சிடும்.